எடைமேடையில் ஒரு பெட்டி

சுங்காய் ஆலை வாசலில் நான் எடைக் கிராணி.
செம்பனைக் குலையோடு லோரி வரும்,
மேடையேறி நிற்கும்,
எண் விழும், எழுதுவேன்.
இருபது கிலோவுக்குக் கீழே
அந்த மேடைக்கு எதுவும் தெரியாது.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை
பிஸ்கட் பெட்டிக்குள் நாற்பத்தொரு புத்தகங்களை
மேடை நடுவில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
சரிதான் என்று தூக்கிக்கொண்டு போனேன்.

நான்காம் டிவிஷன் ஆயாக் கொட்டகையில்
தொட்டில் கட்டிய கொக்கிகள் அப்படியே இருந்தன.
கயிறு இழுத்துக் கட்டி
கரையானுக்கு எட்டாத உயரத்தில்,
ஆறு வயதுக்கு எட்டுகிற உயரத்தில்,
புத்தகங்களைத் தொங்கவிட்டோம்.

எல்லாம் செமாய் மொழி.
எழுதியவள் வா ஜூனி, வரைந்தவன் அவள் தம்பி.
நகல் எடுத்தது பஸ் நிலையத்துக்கு எதிரே
லியோங் கடையில்.
பக்கத்துக்கு எட்டு காசு என்றவர்
கரடி வழுக்கி விழும் பக்கத்தைப் பார்த்துவிட்டு
ஐந்து போதும் என்றார்.

உலுவிலிருந்து பிள்ளைகள் வர ஒரே வழி
கம்பெனி கேட்.
காவலர் பிரேம் பகதூர் எழுதுகிறார்:
உள்ளே, பிள்ளைகள் ஏழு.
வெளியே, பிள்ளைகள் ஏழு, புத்தகம் ஒன்பது.
தோட்டத்துப் பொருள் எதுவும் வெளியே போகக்கூடாது.
புத்தகம் தோட்டத்துப் பொருளா?
மேலாளரிடம் நாங்கள் கேட்கவில்லை.
கேட்டால் பதில் வந்துவிடும்.

கடன் பதிவேடு என் பொறுப்பு.
பெயர், எண், போன தேதி, வந்த தேதி, நிலை.
நிலை என்ற கட்டத்தில் இதுவரை:
மழை. நாய். தம்பி.
பின்னட்டையில் மீன் செதில்.
ஒன்றுக்கு மட்டும்,
போனதைவிட நன்றாக வந்திருக்கிறது.
பிரிந்த முதுகை யாரோ
பிரம்பு நாரால் தைத்திருந்தார்கள்.

எழுத்து ரூமி என்பதால் வாசித்துவிடுவேன்.
வாசிப்பேன், புரியாது.
பிள்ளைகள் சிரிக்கும் இடத்தில் நிறுத்தி
நானும் சிரித்துக்கொள்வேன்.

பதினேழாம் எண், ஆற்றுப் புத்தகம்.
பதினோராம் பக்கத்தில் ஒரு தகரக் கட்டடம்,
மேலே புகை, கீழே ஆறு,
அந்த இடத்திலிருந்து ஆற்றின் நிறம் வேறு.
இது என்ன என்று எர்வனிடம் கேட்டேன்.
நீங்கள் வேலை செய்யுமிடம் என்றான்.
குற்றம் சொல்லவில்லை,
முந்தின பக்கத்து மீனுக்குச் சொன்னதுபோலவே
பெயர் சொன்னான்.
என் சன்னலையும் வரைந்திருந்தார்கள்.
சன்னலில் யாரும் இல்லை.

நவம்பர் வெள்ளத்தில்
ஆற்றுப் புத்தகம் ஆற்றோடு போயிற்று.

டிசம்பரில் எர்வன் ஆலைக்கே வந்தான்,
என் சன்னலுக்கு நேரே,
மேடையின் ஓரத்தில் செருப்பில்லாமல்.
திரையில் இருபது என்று விழுந்தது.
புத்தகத்தைத் திருப்பித் தருகிறேன் என்றான்.
கையில் ஒன்றுமில்லை.
முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான்.
பக்கம் முடியும் இடத்தில்
உள்ளங்கையைத் திருப்பினான்.

எடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.
தேவ், தண்ணீர். அது தெரியும்.
அடுத்த சொல்லின் முடிவில்
தொண்டைக்குள் ஒரு கதவைச் சாத்தினான்.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில்
அந்தக் கதவுக்கு ஒன்றும் இல்லை.
ஆய்தத்தைப் போட்டுவைத்தேன்.
எட்டிப் பார்த்தான்.
மூன்று புள்ளி எதற்கு?
நீ மூச்சை நிறுத்திய இடம்.
ஒன்று போதும் என்றான்.
இரண்டை அடித்தேன்.

அவனுக்குப் பின்னால் மூன்று லோரிகள்.
முதல் டிரைவர் ஹாரனில் கை வைத்தார்,
எதையோ கேட்டவர்போல
எஞ்சினை அணைத்தார்.

பத்தாம் பக்கம் முடிந்து கை திரும்பியது.
என்னைப் பார்த்தான்.
இன்னொரு முறை கையைத் திருப்பி
பன்னிரண்டுக்குப் போகப் பார்த்தான்.
அதையும் சொல் என்றேன்.

சொன்னான். எழுதினேன்.
வந்த தேதி, டிசம்பர் ஆறு.
நிலை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஈரம் என்று எழுதினேன்.
அபராதம் இருபது காசு,
கொண்டுவந்திருந்தான்.
வாங்கிக்கொண்டேன்.