மூச்சைப் பிடியுங்க

வாரத்தில் ஆறு நாள்
ஊருக்கே நான் சொல்லும் வாக்கியம்.
நல்லா இழுங்க. பிடியுங்க. அசையாதீங்க.
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான் மட்டும் சாவகாசமாக மூச்சு விடுவேன்.

ஏழாம் நாள் கன்னங்குறிச்சி பஸ்.
மூக்கனேரிக் கரையில்
ஆகாயத்தாமரை அழுகும் வாடையில்
குத்தவைத்து உட்கார்ந்தால்
வாக்கியம் என் பக்கம் திரும்பிவிடுகிறது.

இருபதடி தள்ளி ஒரு குருட்டுக்கொக்கு.
சேற்று நிறத்தில், சேறாக.
குருடென்று யார் பேர் வைத்தார்களோ,
என் பையில் பேனா நகர்ந்ததுகூட
அதற்குத் தெரிகிறது.

முதல் ஞாயிறு அரை மணி தாங்கினேன்.
ரிசப்ஷனிலிருந்து சல்மா:
ஸ்டோர் சாவி எங்க சார் வெச்சீங்க?
சொல்லிவிட்டுத் திரும்பினால்
கொக்கு இல்லை.

அடுத்த வாரம் ஃபிலிம் கவர் ஒன்றின் முதுகில்
வரைந்தேன்.
லாரி டியூபில் மிதந்து வலை இழுக்கும் வேடியப்பன்,
என் வயதில் பாதி இருப்பான்,
கரையேறி எட்டிப் பார்த்தான்.
அது இன்னும் கழுத்தை நீட்டவே இல்லீங்களே,
நீங்க நீட்டிட்டீங்க.

நீட்டித்தான் இருந்தேன்.
எப்போதோ பார்த்த காலண்டர் கொக்கு
என் கைக்குள் அவசரமாக இருந்திருக்கிறது.

பிறகு நாலு ஞாயிறு
ஒரு மண்கட்டியை வரைந்தேன்.
மண்கட்டிக்கு ஒரு மஞ்சள் கண்.
அவ்வளவுதான் நடந்தது அங்கே,
அவ்வளவையும் வரைய முடியவில்லை.

ஏழாவது ஞாயிறு
ஏற்காட்டு மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.
எதற்கென்று தெரியாது, கொக்கு எழும்பியது.
வெள்ளை!
முதுகுச் சேறு அப்படியே இருக்க
இரண்டு பக்கமும் விரிந்தது வெள்ளை.
இத்தனை நேரம் இதை எங்கே மடித்து வைத்திருந்தாய்?
கோரை ஆடி நின்ற பிறகுதான்
மூச்சை விட்டேன்.
யாரும் விடச் சொல்லவில்லை.

பழுப்புக் கவரில் வெள்ளைக்கு எங்கே போவது?

ராத்திரி ட்யூட்டியில் கழிவுப் பெட்டியைக் கிளறினேன்.
இருமியவர்கள், பயந்தவர்கள்,
ஒரு நொடி தாங்காமல் அசைந்துவிட்டவர்கள்,
கலங்கிப்போன நெஞ்சுகள்.
ஒன்றை எடுத்து, பேரை வெட்டி எறிந்துவிட்டு,
ஊசி முனையால் கறுப்பைச் சுரண்டினேன்.
சுரண்டிய இடமெல்லாம் வெளிச்சம்.
யாரோ ஒருவரின் விலா எலும்புக்குக் குறுக்கே
இறக்கை வந்தது.
ஒரு கால் சரியாக வரவில்லை. விட்டுவிட்டேன்.

காலையில் முதல் ஆள்
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்.
மூச்சைப் பிடித்தால் இருமல் வந்துவிடுகிறது.
மூன்று முறை.
முன்பென்றால் அதட்டியிருப்பேன்.
உட்காருங்க, அவசரமில்லை என்றேன்.
வெளியே வரிசை முணுமுணுத்தது.

விளக்குப் பெட்டியில் நான் எடுக்க மறந்த படத்தை
அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
இந்தக் கொக்குக்கு என்ன சார் வியாதி?

ஒண்ணுமில்லைங்க.
அசைஞ்சிருச்சு.