இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கு

கேச்சியாவில் இரண்டு வருடம் நாலு மாதம்.
துணிச் சந்தையின் ஏழாவது மாடியில்
வட்டம் வட்டமாய்த் துணி வெட்டி
கிராம் கணக்கில் எடை போடும் வேலை.
ஞாயிறு மட்டும் என்னுடையது.

சாவ்சிங் கால்வாய் ஓரம்
புளித்த தோஃபு பொரிப்பவனை
மூக்கைப் பொத்தியபடி மூன்று ஞாயிறு கடந்தேன்.
நாலாவது ஞாயிறு நின்றேன்.
ஐந்தாவதற்குள்
'இன்னொரு தட்டு' என்பதற்கு
அவன் பாஷையில் சொல் இருந்தது என்னிடம்.

சோங்சிங்கில் ரயில்
ஓர் அடுக்குமாடியின் வயிற்றுக்குள் போய்
மறுபக்கம் வருகிறது.
கீழே நின்று பதினோரு முறை பார்த்தேன்.
மேல்மாடியில் போர்வை உலர்த்திய பெண்
ஒருமுறையும் திரும்பவில்லை.
அவளுக்கு அது ரயில் இல்லை,
மணி ஆறு நாற்பது.

அந்த ஊர் மிளகில் காரமில்லை.
கடித்ததும் நாக்கு காணாமல் போகிறது,
பல்லாஸ்பத்திரி ஊசி போட்டாற்போல.
போனில் அம்மா:
"ஏங்கண்ணு கொழர்றே, காச்சலா?"

சியானில் ஆட்டுக்கறிக் கம்பியில் சீரகம் கருக,
யாரோ பெருந்துறைக்காரர் என்று
திரும்பிப் பார்த்தேன்.

குய்லினில் காலை ஏழு மணி,
அரிசி மாவில் பிழிந்த வெள்ளை நூல்,
மேலே வறுத்த நிலக்கடலை.
"சந்தகைங்க இது" என்றேன்
தமிழில்,
கிண்ணத்திடம்.

*

இப்போது திருப்பூர்.
எட்டு நிட்டிங் மெஷின் பூட்ட
சுவான்ஜோ கம்பெனியிலிருந்து லுவோ வந்திருக்கிறார்.
மங்கலம் ரோட்டு லாட்ஜில் ஆறு வாரம்.
அவர் பேச்சைத் தமிழாக்க நான்.

முதல் சனிக்கிழமை ஊசிகளைத் துடைத்தபடி கேட்டார்:
நாளைக்கு லீவு.
இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கு?

வாயைத் திறந்தேன். மூடினேன்.

"ஊட்டிக்கு அனுப்பிருங்க" என்றார்
சூப்பர்வைசர் பொங்கியண்ணன்.
யார் வந்தாலும் நாங்கள்
ஊட்டிக்குத்தான் அனுப்புவோம்.

லுவோ பர்சிலிருந்து இருபது யுவான் நோட்டை எடுத்து
பின்பக்கம் திருப்பிக் காட்டினார்.
ஆறு, படகு, குமிழ் குமிழாய் மலை.
சொந்த ஊர் குய்லின் பக்கமாம்.
மலை வேண்டாம் என்றார்.

ஆகவே நடந்தோம்.
காதர்பேட்டையில்
ஒரு கை நீளம், ஒரு கை குட்டையான
செகண்ட்ஸ் பனியன் குவியலைப் படம் எடுத்தார்.
வேஸ்ட் மூட்டை மேல்
தூங்குகிறவரைக் கேட்டுவிட்டு எடுத்தார்.
வளர்மதி பாலத்தில் குனிந்து
நொய்யலைப் பார்த்து, "கருப்பு" என்றார்.
"இல்லை, நேவி."
"கருப்பு. கழுவல் பத்தவில்லை."
ஒரு ஆற்றுக்கு
ஷேடு கார்டு பிடித்துக்கொண்டு
கால்மணி நேரம் நின்றோம்.

தெய்வசிகாமணி மெஸ்ஸில் பத்தரைக்கு இலை.
சந்தகை விழுந்ததும்
லுவோ கையை எடுத்துவிட்டார்.
"மிஃபென்" என்றார் மெல்ல,
என்னிடம் அல்ல.

பிறகு யாரும் தடுப்பதற்குள்
டம்ளரில் இருந்த கொள்ளு ரசத்தை
அதன் தலையில் ஊற்றி,
பொரிகடலைச் சட்னியைக் கலந்து,
ஊறுகாய் மாங்காயைப் பிய்த்துப் போட்டு
உறிஞ்சினார்.
மெஸ் முழுக்கக் கேட்டது.

தெய்வசிகாமணி கரண்டியோடு வந்தார்.
"ஏனுங் அம்மிணி, சந்தகைக்குப் போயி ரசமுங்களா?
தேங்காப்பால் இருக்குதுன்னு சொல்லுங்."
சொன்னேன்.
லுவோ நீளமாய் ஏதோ சொன்னார்.
"என்னங்றாரு?"
உப்பு கொஞ்சம் தூக்கல்,
நூல் இன்னும் சன்னமாய் வேண்டும்,
பிழியும் தட்டில் துளை தேய்ந்திருக்கிறது,
அளவு தந்தால் அடித்துத் தருகிறேன்.
"ரொம்ப ருசிங்களாமா" என்றேன்.

ஏழு மெஷின் ஓடியது. எட்டாவது
இன்றைக்கும் எண்ணெய் கக்குகிறது.
அவர் போய்விட்டார்.

போன ஞாயிறு ஸ்கூட்டியை எடுத்தேன்,
எங்கே என்றில்லாமல்.
ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கேட் சாத்தியிருந்தது.
கோயமுத்தூர் வண்டி
ஒரு வீட்டுக் கொடித்துணியை
உரசாத குறையாய்ப் போனது.
கடைசிப் பெட்டி வரை எண்ணினேன்.

பின்னால் ஹாரன்.
"ஏனுங், கேட்டுத் தொறந்து
எவ்வளவு நேரமாச்சுங்!"