நான்காம் வேற்றுமை

பீடோர், மளிகைக் கடையின் மேல்மாடி.
நரம்பு வலைக்கு ஒரே வாக்கியம் ஊட்டினேன்:
பூரணி தங்கையாவுக்கு நாற்பது வெள்ளி கடன் கொடுத்தாள்.
யார் யாருக்குத் திருப்பித் தர வேண்டும்?

பூரணிக்கு ஒரு விளக்கு எரிந்தது,
தங்கையாவுக்கு ஒன்று, நாற்பதுக்கும்.
பெயர்களை இடம் மாற்றிப் போட்டேன்.
அதே விளக்குகள். அதே வெளிச்சம்.

க்கு.
ஒன்றரை மாத்திரைச் சத்தம்.
அதை எந்த முடிச்சில் கட்டுவது?

சேர்ந்து சிமிட்டுபவை சொந்தம் என்று
தாளம் பிரித்துக் கொடுத்தேன்.
இரண்டு ஜோடி நின்றது,
மூன்றாவதில் எல்லாம் கலந்துவிட்டது.

கீழே, மூணு அஞ்சு புத்தகத்தில்
பெயர் மழையில் கரைந்து
நாற்பது மட்டும் இருக்கிறது.
கல்லாவில் பூரணி.
செம்பனை லாரிக்குப் பின்னால் வந்த
தங்கையாவின் மோட்டார்
கடைவாசலுக்கு முன்பே
சந்தில் திரும்புகிறது.