எத்தனை கோல் போட்ட?

மண்டபத்தில் இறங்கினால் ஆட்டோக்காரர் கேட்பார்,
நண்டுக் கம்பெனி வாசலில் அம்மாவோடு வேலை செய்பவர்கள் கேட்பார்கள்:
எத்தனை கோல் போட்ட?
ஒன்றும் போடவில்லை என்பேன்.
அப்புறம் எதுக்கு ரயில்வேயில வேல குடுத்தான்?

பன்னிரண்டு அடி அகலம், ஏழடி உயரம்.
அதற்குள் நின்றேன், அதற்குத்தான்.

எங்கள் மைதானத்தில்
ஆண்கடல் பக்கம் ஒரு கோல், பெண்கடல் பக்கம் ஒரு கோல்.
பெண்கடல் பக்கம் நின்றால் கச்சான் முகத்தில் அடிக்கும்,
அங்கே நிற்க ஆளில்லை.
தாமதமாகப் போன நான் நின்றேன்,
மீன்பெட்டித் தெர்மாகோல் மூடியை
சைக்கிள் டியூபால் முழங்காலுக்குக் கீழ் இறுக்கிக்கொண்டு.
மணல்தான் வரும். மணலுக்குள் எங்கோ பந்து.
கண்ணை இடுக்கி, சத்தத்தைப் பார்த்துக் காலைப் போடுவேன்.

வலை வெறுமனே வந்தால்
எங்கள் வீட்டில் பேச்சு இருக்காது,
அப்பா குப்புறப் படுத்துக்கொள்வார்.
என் வலை வெறுமனே இருந்த ஒரு நாள்
பெங்களூரிலிருந்து போன் போட்டுச் சொன்னேன்,
"ஒண்ணும் விழலப்பா."
"சரி விடு, நாளைக்கு விழும்" என்றார்.

முகாமில் கோல்கீப்பர் இரண்டு பேர்.
முதல் ஆள் பிரமிளா எக்கா, சிம்டேகாக்காரி.
நான் மற்றவள்.
ஆறு வருஷம் அவளுக்குத் தண்ணீர் நீட்டினேன்,
பேடின் வாரை இழுத்துக் கட்டிவிட்டேன்.
அவளுக்கு அடிபட வேண்டுமென்று
இரண்டு முறை வேண்டியிருக்கிறேன்.
மூன்றாம் முறை வேண்டாமலே அடிபட்டது.

ஒலிபெருக்கி கூப்பிட்டது: நாகா ஜோட்டி.
முப்பத்திரண்டாம் எண். மிச்சம் ஒன்பது நிமிஷம்.
மூன்று பெனால்டி கார்னர்.
முதலாவது வலது பேடில் பட்டுத் தெறித்தது.
இரண்டாவது கையில் பட்டு மேலே போனதாகச் சொல்கிறார்கள்,
எனக்கு ஞாபகமில்லை.
மூன்றாவது
இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே,
ஓர் ஓரா மீன் நுழையும் சந்தில்.
பின்னால் பலகை, டம்மென்று,
யாரோ நண்டுப் பெட்டியை இறக்கிவைத்ததுபோல.

நாட்டுக்காக நான் ஆடியது அவ்வளவுதான்.

முட்டியில் ஐஸ் கட்டிய பிரமிளா நொண்டி நொண்டி வந்து
என் பேடின் வாரை அவிழ்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
என் வேண்டுதல் தெரியுமோ என்னவோ.
அவளும் தனக்கு முந்தின ஆளுக்கு
வேண்டிக்கொண்டிருப்பாள்.

இப்போது ராமநாதபுரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர்.
கண்ணாடிக்குக் கீழே கை நுழையும் ஓட்டை.
நேற்று ஒருவர் ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டிவிட்டார்.
அது உருண்டு விளிம்பைத் தாண்டுமுன்
என் இடது கால் எழுந்து
மேசையில் நன்றாக இடித்துக்கொண்டது.

காசு விழுந்துவிட்டது.
குனிந்து எடுத்தேன்,
மண்டபத்துக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்,
முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்,
அடுத்த ஆள்.