கொடிவழி

பிப்ரவரி. மெய்ன் மாநிலத்துப் பனி
ஜன்னலின் பாதிவரை ஏறி நிற்கிறது.
நாளொன்றுக்கு நாற்பத்திரண்டு கோப்புகள்,
கோப்புக்குப் பதினோரு நிமிடம்.
காபி ஆறுவதற்குள்
ஒரு பிள்ளையின் பதினேழு வருஷம்.

எங்கள் கல்லூரியின் செங்கல் சுவரில் கொடி படர்ந்திருக்கிறது.
இலை உதிர்ந்த பிறகுதான் தெரிகிறது
அதன் பிடி.

விண்ணப்பத்தில் ஒன்பதாம் கேள்வி:
உங்கள் குடும்பத்தில் இதற்குமுன் இங்கே யார்?
பதில் இருந்தால் கோப்பின் ஓரத்தில்
பச்சைப் புள்ளி ஒன்று தானே முளைக்கும்.
புள்ளி இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் உள்ளே வருகிறார்கள்.
இருப்பவர்களில் முப்பத்தொன்று.
"இரண்டு பேர் சமமாக இருந்தால்
லேசாக ஒரு தள்ளு, அவ்வளவுதான்"
என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.
பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறேன்
இரண்டு பேர் சமமாக இருந்த ஒரு நாளை.

காலையில் ஆகஸ்டஸ் லோரிங்.
படகுத்துறை மண்டபத்தின் நெற்றியில் கல்லில் வெட்டிய
அதே லோரிங்.
ஒன்பதாம் கேள்வியைக் காலியாக விட்டிருந்தான்.
தேனீ வளர்ப்பதைப் பற்றிக் கட்டுரை;
நன்றாகவே எழுதியிருந்தான், அதை மறைக்க விரும்பவில்லை.
கடைசி வரி: என்னை மட்டும் வைத்துப் பாருங்கள்.
பார்த்தேன். ஒன்பது நிமிடம் அவனை மட்டும்தான் பார்த்தேன்.
பத்தாவது நிமிடம் நன்கொடைப் பிரிவிலிருந்து கர்ட்டிஸ்:
"பையன் மறந்துவிட்டான் போல.
நாங்களே நிரப்பிவிட்டோம்."
திரையின் ஓரத்தில் பச்சை.

சாப்பாட்டுக்குப் பிறகு மிரேய் தெரியோ.
லூயிஸ்டன், மூடிய நெசவாலைக்குப் பின்தெரு.
ஒன்பதாம் கேள்விக்கு எழுதியிருந்தாள்:
அப்பா, ரெயால் தெரியோ. பத்தொன்பது வருஷம்.
உங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவினார்.
வந்ததும் போனதும் புறவாசல் வழியாக.
இதைச் சேர்த்துக்கொள்வீர்களா?
கேலியா, கேள்வியா,
இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை.
கணினி சிவப்பில் கேட்டது: பட்டம் பெற்ற ஆண்டு?
அவருடைய இடுப்பு விட்டுப்போன ஆண்டைப் போட்டிருந்தாள்.

எனக்கு அவரைத் தெரியும்.
தெரியும் என்றால்,
தட்டை நீட்டும் துவாரத்துக்கு அந்தப்பக்கம்
நீராவிக்குள் சிவந்த இரண்டு கைகள்.
நான்கு வருஷம் தினமும் மூன்று வேளை நீட்டினேன்.
முகத்தைக் குனிந்து பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
என் அப்பாவும் இங்கே படித்தவர்.
அப்போது கணினி இல்லை.
என் கோப்பின் மூலையில்
யாரோ பேனாவால் வைத்தார்கள்.

கையால் புள்ளி வைக்கவும் வழி இருக்கிறது,
கர்ட்டிஸிடம் கற்றதுதான்.
வைத்தேன்.

வியாழக்கிழமை குழு கூடியது.
லோரிங் நாற்பது நொடி.
யாரும் தேனீயைப் பற்றிப் பேசவில்லை.
தெரியோ வந்தபோது தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"இந்த அப்பா எந்த வருஷத்து மாணவர்?" என்றார்.
மேசையைச் சுற்றி ஏழு பேர்.
ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
எங்கள் அறை சாப்பாட்டுக்கூடத்துக்கு நேர் மேலே.
மதிய நேரம்.
கீழே யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்,
ஒன்றன்மேல் ஒன்றாக,
நிறுத்தாமல்.