எர்த்

மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்
கடலூர் துறைமுகத்தில்.
இருட்டுவதற்குள் படகைக்
கேப்பர் மலைக்கு ஏற்றியாக வேண்டும்.
டிரெய்லர் இருக்கிறது. டிராக்டர் இருக்கிறது.
பின்விளக்கு இல்லை.

பின்விளக்கு இல்லாமல்தான்
போன தை மாதம் இதே வண்டி
ஆல்பேட்டையில் ஓரங்கட்டி நின்றது.
பால் கேன் கட்டிய டிவிஎஸ்ஸில் வந்த பையன்
புரொப்பல்லரைத்தான் முதலில் பார்த்தானாம்.
பிழைத்துக்கொண்டான்.
இடது கால் மட்டும் இன்னும்
யோசித்து யோசித்துத் தரையை மிதிக்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் என்பதில்
மச்சான் மஞ்சினிக்கும் எனக்கும் பேச்சு நின்றது.
படகு பாதிப் பாதி
எஞ்சின் பாதிப் பாதி
டிரெய்லர் கடனும் பாதிப் பாதி.
அந்த இருட்டில் மட்டும்
எவனும் பங்கு கேட்கவில்லை.

இம்பீரியல் ரோட்டில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட கடையில்
குனிந்து நுழைந்து வாங்கினேன்:
மஞ்சள், பச்சை, சிவப்பு, பழுப்பு, வெள்ளை,
சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ்,
ஏழு பின் பிளக், ஒரு டப்பா கிரீஸ்.
"படகு வண்டிக்கா?
ஈயம் பூசின ஒயரா எடு. காசு பாக்காத" என்றார்.
பார்த்தேன்.
அப்புறம் எடுத்தேன்.

பழைய ஒயரை உரித்தால்
செம்பு இல்லை, பச்சைப் பொடி.
ஒரு சாண் தள்ளி வெட்டி உரித்தேன், கறுப்பு.
இன்னும் ஒரு முழம் தள்ளி.
அங்கேயும் உப்பு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.
வெளித்தோல் மட்டும் வழவழவென்று, நேற்று வாங்கியதுபோல.

உப்பு நுழைந்த இடம் ஒரு ஜாயின்ட்.
இரண்டு நுனியையும் கையால் முறுக்கி
கறுப்பு டேப் நாலு சுற்று.
மூன்று வருஷம் முன்பு சுற்றி
'போதும்' என்று எழுந்த ஆள்
நான்.
இதை மஞ்சினியிடம் சொன்னதில்லை.

பழசின் வாலில் புதுசை முடிந்து
சட்டக் குழாய்க்குள் விட்டு இழுத்தேன்.
பாதியில் நின்றது. குளவிக்கூடாக இருக்கும்.
இழுக்க இழுக்க விரல் வெந்தது.
திடீரென்று இளகி வந்தது ஒயர்.
அந்தப் பக்கம் யாரோ தள்ளிக் கொடுக்கிறார்கள்.
குனிந்து பார்த்தேன்:
கட்டைவிரலில் தூண்டில் கிழித்த பழைய தழும்பு.

விளக்கு பார்க்க இரண்டு ஆள் வேண்டும்.
மிதிக்கிறவனுக்கு வால் தெரியாது.
டிராக்டரில் ஏறினேன்.
பத்து மாதம் கழித்து
என் முதல் சொல்,
"லெஃப்ட்டு."
அவனுடையது,
"எரியல."
"இப்ப?"
"ரைட்டுல மினுக்குது. லேசா."
"பிரேக்கு?"
"எல்லாமே எரியுது. ஒண்ணும் உருப்படியா எரியல."

எர்த் கிடைக்காத கரண்ட்
சும்மா இருக்காது.
பக்கத்து விளக்கின் வயிற்றில் புகுந்து
அது வழியாகத் திரும்பப் பார்க்கும்.
வெள்ளை ஒயரைத் துருவின் மேலேயே வைத்து
போல்ட்டை முடுக்கியிருந்தேன்.
அதே கை. அதே 'போதும்'.

மஞ்சினி ஒன்றும் கேட்கவில்லை.
போல்ட்டைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு
உப்புத்தாளால் தேய்த்தான்
இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும்வரை.
கிரீஸை அப்பி முடுக்கினான்.

"லெஃப்ட்டு."
"எரியுது."
"ரைட்டு."
"எரியுது."
"பிரேக்கு."
"ம்."

காலை எடுக்காமல்
எஞ்சின் இரைச்சலுக்குள் சொன்னேன்:
"அந்த டேப்ப சுத்துனது நான்தான்."
காற்று தென்னை மட்டையைத் தரையில் இழுத்துப் போனது.
கேட்டதோ என்னவோ.

"எரியுதுன்றேன்ல. கால எடு.
பேட்டரி போயிடும்."

மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது.
பின்னால் அவன் பைக்.
தேவையே இல்லாத இடத்தில்
இரண்டு முறை பிரேக்கை மிதித்தேன்.