பதினான்கு பலகைகள்

தேதியை நாங்கள் குறிக்கவில்லை.
துறைமுகத்தார் அச்சிட்ட ஓத அட்டவணை குறித்தது:
ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை,
பிற்பகல் மூன்று பத்துக்குக் கடல்
போகக்கூடிய தூரமெல்லாம் போயிருக்கும்.
செயின்ட் மேரி விரிகுடாவில் கடலுக்குக் காத்திருக்கத் தெரியாது.
நான்கரைக்குள் திரும்பி வந்து நாற்காலிகளை நனைக்கும்.
அந்த இடைவெளிதான் எங்கள் முகூர்த்தம்.

“மண்டபத்தில் வையுங்களேன், கூரையாவது இருக்கும்”
என்றாள் என் அக்கா கிளோதில்.
ரோசேர் சிரித்தான்.
அவனுடைய முதல் கல்யாணம்
கூரைக்குக் கீழேதான் நடந்தது.

சமையலறை மேசையில் பட்டியல் நீண்டுகொண்டே போனது.
தீயணைப்பு நிலையத்திலிருந்து அறுபது நாற்காலி.
விரிப்பு பறக்காமலிருக்க
சிங்கிறால் கூண்டுகளிலிருந்து கழற்றிய செங்கல்.
ராப்பூர், பன்னிரண்டு தட்டு:
துருவிய உருளைக்கிழங்கு, நடுவில் கோழி,
ஆறிவிட்டால் சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும்.
தெயோவின் வயலின். உப்புக்காற்றில் தந்தி இளகிவிடுமென்று
இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.
மூடுபனி வந்தால்?
அந்தக் கேள்விக்குறியின் மேல்
காப்பிக் கோப்பையை வைத்துவிட்டோம்.

பட்டியலில் வராதது ஒரு சக்கர நாற்காலி.
ரோசேரின் அப்பா அல்ஃபே
முப்பத்தோரு வருடம் படகில் போனவர்.
வலக்கையும் பேச்சும் ஒரே காலையில் போயின.
இடக்கையால், ஓத அட்டவணையின் பின்பக்கத்தில்
கோணல்மாணலாக எழுதிக் காட்டினார்:
காரிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

ரோசேர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்
கொட்டகையில் பிளைவுட் எண்ணினான்.
பதினான்கு. ஒவ்வொன்றும் எட்டடி.
மணல்மேட்டிலிருந்து தண்ணீர்வரை
ஆயிரத்து இருநூறு அடி.
வாசலில் நின்று விரல்விட்டுக் கணக்குப் போட்டான்.
இடித்தது. மறுபடி போட்டான். மறுபடி இடித்தது.

அவன் தங்கை ஓடெட் வாயில் ரொட்டியோடு கேட்டாள்:
“கடந்துவிட்ட பலகை பின்னால் கிடந்து என்ன செய்ய?
எடுத்து முன்னால் போடு.”

வியாழக்கிழமை, மதியம் ஒன்றரைக்கு ஒத்திகை.
நாற்காலியில் அல்ஃபே இல்லை.
சனிக்கிழமைச் சமையலுக்கு வாங்கிய
மூன்று மூட்டை உருளைக்கிழங்கு
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.
பின்னாலிருந்து எடு, முன்னால் போடு, தள்ளு.
எடு, போடு, தள்ளு.
பாதி வழியில் சக்கரம் நழுவி
ஒரு மூட்டை சேற்றில் குப்புற விழ,
மூவரும் நடுக்கடலின் தரையில் அமர்ந்து
எழ முடியாமல் சிரித்தோம்.

மட்டி தோண்டிக்கொண்டிருந்த நான்கு பேர்
வாளியை வைத்துவிட்டு வந்தார்கள்.
கிழங்கு எதற்குக் கடல் பார்க்கப் போகிறது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பலகையின் மறுமுனையைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் வந்தது, சக்கரத்தை நக்கியது.
“யாராவது ஏதாவது சொல்லுங்கள்,
கடல் திரும்புகிறது” என்று மூச்சிரைத்தாள் ஓடெட்.
ரோசேர் என்னிடம் உள்ளங்கையை நீட்டினான்.
சேற்றுக்கடியில், கட்டைவிரலோரம் ஒரு சிம்பு.
“இதை எடுத்துவிடு, ஸெலி.”
நகத்துக்கு அகப்படவில்லை. பல்லால் எடுத்தேன்.
உப்பும் மரப்பசையும் நாக்கில் கரித்தன.
மட்டிக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.
வேர்வை துடைக்கத்தான், எனக்குத் தெரியும்.

திரும்பும்போது கடல் எங்களைவிட வேகம்.
கடைசிப் பலகையை
தண்ணீரிலிருந்துதான் இழுத்தெடுத்தோம்.

இரவு பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்:
கையுறை, எட்டு ஜோடி.
காலையில் பார்த்தால் அதற்கடியில்
கோணல்மாணலாக இன்னொரு வரி:
நான் கிழங்கைவிடக் கனம்.
பத்து ஜோடி வாங்கு.